அடித்த வரி

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
நடு வேல்ஸில் பஸ் வராத ஊர்களிலிருந்து
ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
லானிட்லோஸ் நூலகத்துக்குப் போவேன்.
மற்ற நாட்களில் இதே வேனில்
டயாலிசிஸ்காரர்கள்.
கவுன்சில் கொடுத்த பதிவேட்டில்
இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்:
ஏறியவர், இறங்கியவர், மைல்.

ஹெலெத் ஏறுவது பாலத்தருகே,
காதில் எதையோ மாட்டிக்கொண்டு, முகம் பார்க்காமல்.
கட்ஸ்பெர் கோழிப்பண்ணைக் குடியிருப்பில்;
அவன் அப்பா கையசைப்பார்,
இரவு ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு.
எலெரி தன் தம்பியையும் ஏற்றப் பார்ப்பாள்.
"பன்னிரண்டு ஆகணுமே. எழுதுவானா?" என்றால்
"பொய் நல்லாச் சொல்வான்" என்பாள்.
கடைசியாக டெகிட்,
மலைப்பாதை முடிகிற இடத்தில்,
முழங்கால்வரை சேறு, சட்டைக்குள் நோட்டு.
அவன் ஏறியதும் ஜன்னலை ஒரு விரல் திறப்பேன்.

நூலகத்தில் அவர்களுக்குக் கொடுத்திருப்பது
குழந்தைகள் பகுதி.
குட்டி நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை இடிக்க
பதினான்கு வயதுகள் உட்கார்ந்திருக்கும்.
நடத்த வருகிற மெரெரிட்
பாதி நேரம் வாயே திறக்கமாட்டாள்.
இதற்கா சம்பளம் என்று நினைத்திருக்கிறேன்.

அன்று மழை. அதனால்தான் உள்ளே போனேன்.
ஹீட்டரில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

டெகிட் வாசித்தான்.
செத்த குட்டியின் தோலை உரித்து
தாயில்லாத இன்னொரு குட்டிக்கு
அப்பா மாட்டுகிறார்,
நாலு கால் துளையும் சரிபார்த்து,
பள்ளிக்கூட ஸ்வெட்டர் போடுவதுபோல்.
குட்டியைப் பறிகொடுத்த ஆடு மோந்து பார்க்கிறது.
மோந்து பார்க்கிறது.
பிறகு சற்று நகர்ந்து மடி கொடுக்கிறது.
அதற்கப்புறம் ஒரு வரி.

என் கோட்டு சூடேறிக் கிடந்தது
வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"கடைசி வரி வேண்டாம்," என்றாள் ஹெலெத்.
"ஆடே சொல்லிடுச்சு. நீ எதுக்கு மறுபடி?"
கட்ஸ்பெர் தலையாட்டினான்.
மோந்து பார்ப்பது ஒருதடவை போதாதா
என்று எலெரி கேட்டதற்கு
மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள்.
மெரெரிட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது டெகிட்
பின்சீட்டுக் கூட்டத்தோடு சேரவில்லை.
என் பக்கத்தில், கதவை முறைத்தபடி,
இருபத்திரண்டு மைல்.
டயாலிசிஸ்காரர்களிடம் வானிலை பேசுவேன்.
இவனிடம் வானிலை பேச வாய் வரவில்லை.
இறங்கி, திரும்பிப் பாராமல் ஏறிப்போனான்.
இனி வரமாட்டான் என்று
அவன் பெயருக்கு நேரே
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அடுத்த மாதம்
பத்து நிமிடம் முன்பே நின்றிருந்தான்.
ஏறியதும் ஏறாததுமாக
ஹெலெத்தின் காதில் இருந்ததைப் பிடுங்கி
வாசித்துக் காட்டினான்.
வரி இல்லை.
மோந்து பார்ப்பது இப்போது மூன்று தடவை.
அவள் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.
தன் நோட்டைத் தூக்கி அவன் மடியில் எறிந்தாள்:
"என்னுதுல எங்க அடிக்கணும், காட்டு."
நீர்த்தேக்கம் தாண்டுவதற்குள்
இரண்டு பக்கம் போயிருந்தது.

ராத்திரி வேனைக் கூட்டும்போது
சீட்டுக்கடியில் கசங்கிய பழைய தாள்.
அந்த வரிமேல் பேனா
தாள் கிழியக் கிழிய ஓடியிருந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
இன்னும் படிக்கமுடிகிறது.

அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கும்.
எனக்கு அந்த வரி பிடித்திருந்தது.
ஸ்டியரிங்குக்கு மேலே, வெயில் மறைப்பில்,
டயர் ரசீதோடு செருகிவைத்திருக்கிறேன்.
யார் கேட்டாலும் சொல்வதாக இல்லை.
அடித்தவன் அவன்.

இந்த மாதப் பதிவு:
ஏறியவர் எட்டு, இறங்கியவர் எட்டு,
நாற்பத்து நான்கு மைல்.
பன்னிரண்டு முடிந்துவிட்டது என்கிறான்
எலெரியின் தம்பி.
நல்லாத்தான் சொல்கிறான்.