பயன்பாட்டுச் சான்று

நடக்காததற்கு ரசீது கேட்கிறார் தணிக்கைக்காரர்.

ஊத்தங்கரை யூனியன் ஆபீஸ், மாடி அறை.
என் மடியில் குண்டலேரி ஊராட்சியின் பச்சைக் கோப்பு:
கலிங்கை அகலப்படுத்தியது, மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
கால்வாய்த் தூரெடுப்பு, நூறுநாள் வேலைக் கணக்கில்.
கையால் சுற்றும் சைரன் ஒன்று, ஆறாயிரத்து இருநூறு.
டார்ச் எட்டு. கயிறு இருநூறு அடி.
அளவுக்கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட், அரை லிட்டர்.

பதினொன்றாம் கட்டத்தில் விரலை வைக்கிறார்:
‘அடைந்த பலன்.’
காலியா விட்டிருக்கீங்களே அம்மா.

படம் ஒட்டியிருக்கிறேன் சார், முன், பின்.

முன்:
புளியமரக் கவையில் தலைகீழாய் ஒரு மினி லாரி.
பள்ளிக்கூடக் கம்பியில்
துணிக் கிளிப் மாட்டிக் காயும் ரேஷன் கார்டுகள்.
அந்த வருஷம் எங்களிடம் யாரும் பலன் கேட்கவில்லை.
பாய் வந்தது, பிரெட் வந்தது,
வரிசையாக வெள்ளைக் கார்கள் வந்தன.
ஏரி நிரம்பி வழிந்தால்
‘கோடி போகுது’ என்போம் எங்கள் பக்கத்தில்.
ஏரி கோடி போனால்தான்
எங்களுக்குக் கோடி வரும்.

பின்:
ஒரு ரோடு. ஈரமான ரோடு.
‘இதுல என்ன தெரியுது?’
ஒன்றும் தெரியவில்லை சார்.
அதைத்தான் எடுத்தேன்.

கார்த்திகை, புதன் இரவு.
ஜவ்வாதுமலையில் கொட்டியது
எங்கள் கூரையில் ஒரு சொட்டும் இல்லை.
பன்னிரண்டே காலுக்குக் கல்லடியிலிருந்து
சென்றாயன் குரல் செய்தி அனுப்பினான்:
‘செவப்பு முங்கிடுச்சிக்கா.’
அவ்வளவுதான். பின்னால் தவளைச் சத்தம்.

சைரனைச் சுற்றியது திம்மக்கா.
குழுவின் கடன் நோட்டுக் கடைசிப் பக்கத்தில்
பெரியதாயி எழுதிவைத்திருந்தாள்:
நடக்க முடியாதவர் ஏழு. நிறைமாதம் ஒன்று.
குடித்துவிட்டுக் கதவு திறக்காதவர் மூன்று
(பெயரோடு).
ஒன்றரைக்குள் அறுபத்தொரு வீடும்
பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தரையில்.

ரெண்டு பத்துக்கு வந்தது தண்ணீர்.
அகலமான கலிங்கைப் பார்த்தது, அதிலேயே போனது.
ரேஷன் கடையின் இரண்டாம் படியை நனைத்தது.
மூன்றாம் படிக்கு ஏறவில்லை.

விடிந்ததும் திட்டினார்கள்.
இதுக்கா எழுப்பினீங்க கிளார்க்கம்மா,
புள்ளைக்குச் சளி புடிச்சிடுச்சி,
பால் கறக்க நேரமாச்சி.
திங்கட்கிழமை மனுநாளில் மாதேசன்
கலெக்டர் ஆபீஸுக்கே போய் எழுதிக்கொடுத்தார்,
வீண் பீதி கிளப்பியதாக என் பெயரில்.
உயிரோடு இருந்ததால் எழுதினார்.
கையெழுத்துகூட அழகாகப் போட்டிருந்தார்.

அன்றிரவு இறந்தது ஒரே ஒரு வெள்ளாடு.
கால்வாய் ஓரம் கட்டியிருந்ததை
அவிழ்க்க மறந்திருந்தார்கள்.
அதற்குப் படிவம் இருந்தது.
கால்நடை டாக்டர் கையெழுத்து, காதுத் தோடு எண்,
பதினொரு நாளில் பணம்.
சாகாதவர்களுக்கு
எந்தப் படிவம் சார்?

அவர் கெட்டவர் இல்லை.
பேனா மூடியைக் கழற்றினார், மூடினார்.
‘எனக்குப் புரியுதும்மா,
கட்டத்துக்குப் புரியணுமே’ என்றார்.
டீ வந்தது. எனக்கும் ஒன்று சொல்லியிருந்தார்.
பிறகு அடுத்த வருஷ மதிப்பீட்டில்
சைரன் கைப்பிடிக்குக் கிரீஸ், தொண்ணூறு ரூபாய்,
அதை மட்டும் அடித்தார்:
ஒருநாள் சுத்தின பொருளுக்குப் பராமரிப்பா?

பதினொன்றாம் கட்டத்தில் கடைசியில் எழுதினேன்:
இழப்பு: ஆடு 1.
அதற்கு மேல் எழுத இடம் இருந்தது.

ஐந்தே கால் டவுன் பஸ்ஸில் திரும்பும்போது
கலிங்குப் பக்கம் சென்றாயன் நின்றிருந்தான்,
முழங்கால் தண்ணீரில்,
தேய்ந்துபோன சிவப்புக்கு மேல்
ஈர்க்குச்சியால் பூசிக்கொண்டு.
ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்:
டப்பா காஞ்சிடுச்சிக்கா, இன்னொரு அரை லிட்டர்!

எழுதறேன் என்று கையாட்டினேன்.
எந்தத் தலைப்பில் என்றுதான்
ஊர் வரும்வரை யோசித்தேன்.