மூன்றாவது வயர்

பூனை பாய்ந்ததில் டொங்கிள் முறிந்தது.
ஒரு துளை முன்னமே செத்தது, மற்றதில் மவுஸ்.
கையில் இருப்பதோ பொத்தான் போன்.
ஆகவே உள்ளேயே ஓர் அட்டை போடுவதென்று
வெள்ளி இரவு தீர்மானித்தேன்.
ஐஸ் கொம்பனிக் கணக்கு
திங்கள் விடியுமுன் போய்ச்சேர வேண்டும்.

மடிக்கணினி ஏலத்தில் எடுத்தது.
எந்தக் கந்தோர் என்ற ஸ்டிக்கரைச்
சுரண்டிவிட்டுத்தான் தந்தார்கள்.
பசை மட்டும் மிச்சம்,
அதில் உவர்மலைத் தூசி ஒட்டி
மங்கலாய் ஒரு முத்திரை.

பதினொரு திருகாணி.
மூன்று, உப்புக்காற்றில் தலை மழுங்கி
சொல் கேட்கவில்லை.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு
செய்தி முடியும்வரை காத்திருந்தேன்.
கழன்றவற்றை மீன்ரின் மூடியில்
வந்த இடம் மாறாமல் அடுக்கினேன்.

விசைப்பலகையைத் தூக்கினால்
மணல்.
நிலாவெளியோ உப்புவெளியோ,
யாருடைய விடுமுறையோ
என்ரர் விசைக்குக் கீழே படுத்திருந்தது.

அதற்கும் கீழே அந்த வெற்றிடம்,
தீப்பெட்டி முகப்பளவு.
பக்கத்தில்
கறுப்பு, வெள்ளை, சாம்பல்,
மூன்று வயர்கள்.
முனைகளில் கடுகளவு பித்தளை வளையம்.
மஞ்சள் ரேப் சுற்றி
யாரோ பக்குவமாய் மடித்து வைத்திருந்தார்கள்.
இருந்த அட்டையைக் கழற்றியிருக்கிறார்கள்.
எந்த வருடம், யாருடைய கட்டளை?
இந்த ஊரில்
கழற்றியதற்குக் காரணம் கேட்டுப் பழக்கமில்லை.

வயர்களின் பின்னால் போனேன்.
கீல் வழியாய் ஏறி
திரையின் இரு தோள்களுக்கும் பிரிந்து
செப்புத் தகடாய் விரிந்து முடிகின்றன.
இத்தனை காலமும்
காற்றில் போனதையெல்லாம் வாங்கிக்
கீழே கொண்டுவந்து
கொடுக்க ஆளில்லாமல் நின்றிருக்கின்றன.

சனிக்கிழமை, என்.சி. வீதி, இம்தாத்தின் கடை.
ஆயிரத்து ஐந்நூறு.
"புதுசு மாதிரி" என்றான்,
மாதிரியை மெதுவாய்ச் சொல்லி.

சரிவாய்ச் செருகி, அமத்தி, திருகி,
வளையங்களைப் பற்குச்சியால் குத்த
டிக்.
சுவரில் பல்லிகூடத் திரும்பவில்லை.

மின் கொடுத்தேன்.
கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து:
அனுமதியில்லாத அட்டை காணப்பட்டது.
அகற்றிவிட்டு மீண்டும் தொடங்குக.

எழுந்து நின்றேன்.
மெய்யாகவே எழுந்து நின்றேன்.
கை தன்பாட்டில்
அடையாள அட்டை கிடக்கும் பையைத் தேடியது.

உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறதாம்.
இலக்கம் அதில் இருந்தால் போகலாம்.
அட்டையில் பழுதில்லை,
செருகியதில் பிழையில்லை,
பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.
இம்தாத் போனில் சிரித்தான்:
"அக்கா, அது ஓராளையும் நம்பாத சாமான்.
அதே கொம்பனிச் செத்த மெஷின் ஒண்டு கிடக்கு,
அதுக்குள்ள இருக்கிறதைக் கழட்டித் தாறன்."

ஞாயிறு பின்னேரம் இரண்டாவது.
மூலையில் யாரோ ஊற்றிய தேநீரின் கறை.
திரை ஒன்றும் கேட்கவில்லை.
போ என்று விட்டது.

பிறகு, வலது ஓரத்தில்
ஒழுங்கையே ஒவ்வொன்றாய் எழும்பி வந்தது:
ஞானசீலி மேல்மாடி
நிமேஷா வீடு
அலைவாய் லொட்ஜ் இரண்டு
கடன் கேட்காதே
பெயரை மறைத்த இன்னொன்று.
எல்லாவற்றின் அருகிலும் பூட்டு.
எட்டு வருடமாய் இங்கே இருக்கிறேன்,
கடன் கேட்காதே யாரென்று தெரியாது.

மதிலுக்கு மேலால் நிமேஷாவைக் கூப்பிட்டேன்.
கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்,
அரைவாசியில்
மான் ஒன்று அவள் குப்பைப் பையைக் கவ்வி இழுக்க
இருவரும் துரத்தி ஓடிக் களைத்து
மறுபடி முதலெழுத்திலிருந்து.

கணக்கு போனது, பத்து இருபதுக்கு.

சாம்பல் வயருக்கு இந்த அட்டையில் இடமில்லை.
அந்தப் பழைய ரேப்பையே சுற்றி
முன்பு இருந்த மடிப்பிலேயே கிடத்தினேன்.
மூடிய பிறகு பார்த்தால்
மீன்ரின் மூடியில்
ஒரு திருகாணி.