கூடுதல் நேரம்

நவம்பர் இருபதாம் தேதி மாலை
டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள் மெர்சிலின்.
ஒயர் எட்டவில்லை; பிளக்கையும் பிடுங்கினாள்.
"ஒரு மாசம் இந்த வீட்டுல பந்து உருளாது."
அவ்வளவுதான் பிரகடனம்.
பிறகு மீன் கழுவப் போய்விட்டாள்.

நஜ்மாவில், மூன்றாவது மாடியில்,
இரண்டே அறைக்குள் நடந்த புறக்கணிப்பு.
எந்த நாட்டுக்கும் தெரியாது.
கீழே பக்காலாக்காரருக்கு மட்டும் தெரியும்:
ஜெரோம் அங்கே போய் அழுதிருக்கிறான்.

தூத்தூரிலிருந்து மச்சான் அழைத்தான்.
"ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல இருந்துட்டு
பாக்கமாட்டியளாக்கும்? கிறுக்கு பிடிச்சிட்டா?"
அங்கே வள்ளத்துக்கு வள்ளம் அர்ஜென்டினாக் கொடி.
கம்பெனி அனுப்பிய இரண்டு டிக்கெட்டும்
என் போனுக்குள் ஒளிர்ந்தன,
தேதி கடந்ததும் சாம்பல் நிறமாயின.

காரணத்துக்குப் பெயர் உண்டு: சூசைநாயகம்.
வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.
மீன் தலையைக் கேட்டு வாங்கித் தின்பான்.
கூரைக்குக் கம்பி கட்டியவன்.
ஜூலையில் ஒரு ராத்திரி
கேம்ப் கட்டிலில் படுத்தான், எழவில்லை.
இயற்கை மரணம் என்றது காகிதம்.
மெர்சிலின் அந்த வார்த்தையை
முள்ளைப் போல நாக்கில் புரட்டிப் பார்த்தாள்.
"முப்பத்தொரு வயசுல என்ன இயற்கை?"

சுவரோ மெலிசு.
பக்கத்து வீட்டு சூடானியர்கள் கத்தினால்
எங்கள் அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும்.
ஜெரோம் சுவரில் காதை வைத்து
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கோர் எழுதினான்.
நீள இரைச்சல் என்றால் கோல்,
பாதியில் அறுந்தால் ஆஃப்சைடு.
அவள் பார்த்தாள். நோட்டைப் பிடுங்கவில்லை.
மொராக்கோ ஜெயித்த இரவில்
தெரு முழுக்க ஹாரன்.
அவளுக்கும் சிரிப்பு வந்தது,
துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று.

நான் டைம்கீப்பர்.
கோடையில் காலை பத்திலிருந்து மூன்றரை வரை
வெயிலில் வேலை கூடாதென்பது சட்டம்.
அந்தக் கட்டத்தில் ஓய்வு என்று எழுதியது என் பேனா.
அவர்கள் மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் கண்டெய்னருக்குள், ஏசியில்.
சூசைநாயகம் பெயருக்கு நேராக, இருபத்திரண்டு நாள்,
எல்லோரும் மெச்சும் என் கையெழுத்தில்
ஓய்வு
ஓய்வு
ஓய்வு.
அந்த மாதச் சம்பளத்தில்தான்
சுவரைப் பார்த்து நிற்கும் இந்த டிவி.

டிசம்பர் பதினெட்டு.
தொண்ணூறு நிமிடம் தாண்டியும்
பக்கத்து வீடு அடங்கவில்லை.
"ஏன்ப்பா இன்னும் முடியல?"
"கூடுதல் நேரம்" என்றேன்.

"அதையாவது ஒழுங்கா எழுதி வைப்பாங்களா?"
அரிசி களைந்தபடி கேட்டாள் மெர்சிலின்.
என்னைப் பார்த்துக் கேட்டாளா,
சும்மா கேட்டாளா, தெரியவில்லை.
கழுநீர் வெள்ளையாகத் தொட்டியில் இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள்.
ஜெயித்தவரா தோற்றவரா என்று புரியாமல்
ஜெரோம் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.