சும்மா கிடந்த இரண்டு ஜிபி

கடலூர் முதுநகர். ஐஸ் ஃபேக்டரி மாடி.
மணி மூன்று ஐம்பது.
கரண்ட் போய் வந்ததில் விழுந்த டேட்டாபேஸ்
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

நான்காம் முறை தட்டுகிறேன்.
கண்ணைத் திறக்கிறது, ஒரு வரி சொல்கிறது,
மறுபடி மூடிக்கொள்கிறது:
எழுத இடமில்லை.

விழித்துவிட்டேன் என்று
எழுதி வைத்த பிறகுதான் விழிக்குமாம் அது.
ஐந்நூறு ஜிபி டிஸ்க்கில்
அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லை.

கீழே ஏலக்கூடத்தில்
எடைமேடை ஏறி இறங்குகிறது.
சங்கரா, கிழங்கான், ஈரம் சொட்டும் நெத்திலிக் கூடை.
எடை விழுகிறது, யார் பேரிலும் விழவில்லை.
மாடிப்படி அடியில் நின்று தேசப்பன் கத்துகிறார்:
"அனுசியா, நேத்து பாக்கியாவது சொல்லும்மா,
சோனாங்குப்பத்துக்காரரு நிக்கிறாரு."

நேற்று உள்ளே பத்திரமாக இருக்கிறது.
நான்தான் வெளியே நிற்கிறேன்.

இடத்தைத் தின்றது யாரென்று
ஒவ்வொரு கோப்புறையாக இறங்கிப் பார்க்கிறேன்.
புதுச்சேரி ஆபீசுக்கு நகல் போகும் லைன்
ஆவணி மழையில் அறுந்திருக்கிறது.
அனுப்ப முடியாததை அழிக்கவும் மனமில்லாமல்
பதினாறு பதினாறு எம்பியாக
அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்,
ஒருவரிடமும் சொல்லாமல்.
(சொல்லியிருக்கிறது. தினமும் ஒரு மெயில்.
நான் திறக்காத மெயில்.)

பேர்கூட இல்லை அவற்றுக்கு, வெறும் எண்கள்.
அழித்தால் யாருக்குத் தெரியும்?
கட்டளையை அடித்து முடித்து
விரல் எண்டர் மேல் நிற்கிறது.
கரண்ட் போவதற்கு முந்தைய பத்து நிமிடம்
பேரேட்டில் ஏறாமல்
இவற்றில் ஏதோ ஒன்றில்தான் மிதக்கிறது.
எது என்று எனக்குத் தெரியாது.
விரலை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது
ஜபருல்லா சலாலாவுக்குப் போகும் முன் வைத்த கோப்பு.
பெயர்: பாரம்.
இரண்டு ஜிபி. உள்ளே முழுக்கப் பூஜ்யம்.
இடத்தை வீணாக்குகிறான் என்று
டீக்கடையில் அவனைக் கிண்டல் செய்தது நான்தான்.
பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு:
"முழுகுறப்போ தூக்கிக் கடல்ல போடு."

போட்டேன்.

எழுந்தது. உடனே பேசவில்லை.
விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய்
ஒவ்வொரு கூடையாகப் பொறுக்கி வந்தது.
கடைசியாக வந்தது
மூன்று பன்னிரண்டுக்கு நிறுத்த மடவை,
பதினாலு கிலோ இருநூறு.

இன்னொரு பாரம் வைக்க இப்போது இடமில்லை.
எட்டு மணி வரை தாங்கினால் அதிகம்.
அதற்குள் லைன்காரனைப் பிடிக்க வேண்டும்,
அந்த மெயில்களையும் படிக்க வேண்டும்.

ஜன்னலில் குனிந்து சொன்னேன்:
"நாலாயிரத்து முந்நூத்தி அறுவது."

சோனாங்குப்பத்துக்காரர் பீடியை அணைத்தார்.
"அதைத்தானே நான் மூணு மணிலேர்ந்து சொல்றேன்."