இன்னும் துப்பாக்கிதானா

நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி:
இது இன்னும் துப்பாக்கிதானா?

களுவாஞ்சிக்குடி அரசரெத்தினத்தின் இரும்புப் பெட்டியில்
காணி உறுதிகளுக்கும் கறையான் அரித்த சால்வைக்கும் கீழே
எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்ததாம்.
வெள்ளைக்கார ஓவசியர் யாரோ
மாமனாரிடம் ஈடு வைத்ததாம், மீட்க வரவில்லையாம்.
கூடவே பதினொரு தோட்டா. பித்தளை
குளத்துப் படிபோலப் பச்சை பூத்திருந்தது.
"பழம்பொருள் ஐயா,
கடதாசி பறக்காமல் வைக்கிற பாரம்"
என்றார் சட்டத்தரணி.

சோதிக்க ஓர் உடல் வேண்டும்.
எங்கள் உடல் தூளாக வரும், இருபத்தைந்து கிலோச் சாக்கில்.
பத்துக்கு ஒன்றாய்க் கரைத்து
நாலு பாகைக் குளிரில் இரண்டு நாள் உறையவிட்டால்
தசையைப்போல் இருக்கும் என்கிறது கையேடு.
யாருடைய தசை என்று அதில் இல்லை.

கல்முனையில் அவ்வளவு பெரிய குளிரறை
உதுமாலெவ்வையின் ஐஸ்கிறீம் கடையில்தான்.
பானையும் தர ஒப்புக்கொண்டவர்
சாக்கைத் தட்டிக் கேட்டார்:
"மாடா, பண்டியா?"
சாக்கில் சீன எழுத்து.
சாரங்கா மிஸ் கொழும்புக்கு எடுத்துக் கேட்டா.
அங்கேயும் தெரியாது.
மாட்டெலும்புத் தூள் வந்துசேர ஒன்பது நாள்,
ஒரு தவணை போனது.
"மூலப்பொருள் தொடர்பான தாமதம்"
என்று நீதிவானுக்கு எழுதினோம்.

கிண்டியது நான்.
நுரை எழாமல், கொதிக்க விடாமல்.
கொதித்தால் தசை தளர்ந்துபோகும்.
பக்கத்து அடுப்பில் நன்னாரிப் பாகு.
குளிரறைக்குள் போகும்போதெல்லாம்
என் இடது தொடை கடுக்கும்.
அதற்குள் இருப்பது எந்த ரகம்,
எத்தனை அங்குலம் போய் நின்றது என்று
யாரும் அளக்கவில்லை.

மல்வத்தைக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி.
பெட்டியிலிருந்து கட்டியை இறக்கினோம்.
வெளிறிய தேநீர் நிறம். வெயிலில் வியர்த்தது.

முதல் தோட்டா: டிக்.
குழலைத் திருப்பாமல் அரை நிமிடம் நிற்க வேண்டும்,
சில வேளை பிந்தி வெடிக்கும்.
நின்றோம்.
ஓர் ஆட்காட்டி கத்தி ஓய்ந்தது.
இரண்டாவது: டிக்.
மூன்றாவது தும்மியது. ஈயம் குழலின் பாதியில் இறுகி
மரக்கோலால் தட்டி எடுத்தோம்.
சட்டத்தரணியின் ஆள் சிரித்தான்.

நான்காவதின் சத்தம் எனக்கு நினைவில்லை.
கட்டி ஒருமுறை
வயிறு குலுங்கச் சிரிப்பதுபோல் வீங்கி அடங்கியது.
பிறகு உள்ளே
கண்ணாடிக்குள் விட்ட நூலாய் ஒரு கோடு.
கோட்டின் முடிவில் உருண்டை மூக்கோடு ஈயம்,
நசுங்காமல்,
நேற்று வார்த்ததுபோல்.
மிஸ் அடிக்கோல் வைத்தா.
பன்னிரண்டே கால் அங்குலம்.
எழுபது வருடத்துக்கு மேல் இருட்டில் கிடந்திருக்கிறது,
அவ்வளவு தூரம் போக.

மீதி ஏழில் நாலு வெடித்தன.
சிரித்தவன் காதைப் பொத்திக்கொண்டு
லொறிக்குப் பின்னால் நின்றான்.
"சுடக்கூடிய நிலையில் உள்ளது."
அறிக்கை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அட்டவணை.

கட்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது
உதுமாலெவ்வை கடைப் பின்கதவில் நின்றார்.
"இனி இத என்ன செய்யிற?"
"உருக்கி ஊத்தலாம்,
இன்னும் ரெண்டு மூணு தரம் பாவிக்கலாம்" என்றா மிஸ்.
"ஓட்டை?"
"இருக்காது."
அவர் குனிந்து
துளைக்குள் சுண்டுவிரலை விட்டார்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.
எடுத்துச் சாரனில் துடைத்தார்.

பானையை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்.
பின்முற்றத்துக் குழாயடியில்
மண் போட்டுத் தேய்த்து
ஏழு தரம் கழுவினார். எண்ணிக்கொண்டு நின்றேன்.
"மாடுதானே நாநா" என்றேன்.

"மாட்டுக்காக இல்ல" என்றார்,
தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே.