வா

அவளுக்கு மூன்று பெயர்கள்.
விடியுமுன் நெடுஞ்சாலையை மறித்துப்
பந்தயம் விட்டவர்கள் வைத்தது: சயெத்தா, மின்னல்.
நீதிமன்றக் காகிதத்தில்: சான்றுப் பொருள், எண் பதினேழு.
பலேர்மோவின் எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பின்னால்
இந்த மணல் வட்டத்தில்
மரீலேனா கூப்பிடுவது: லென்தா, மெதுவானவள்.
மூன்றுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

கழுத்தின் இடப்பக்கம் ஊசி ஏறிய தடங்கள்.
முதுகில் பிரம்பு விழுந்த இடங்களில் மட்டும்
முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது.
முப்பது ஸ்கூட்டர்கள் பின்னால் விரட்டிவர
அத்தனை ஹாரனுக்கும் மேலே
அத்தனை வாயும் கத்திய ஒரே சொல்:
வா.

இங்கே அதற்குப் போ என்று பொருள்.
என் மொழியில் என்ன பொருளென்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.
வாயில் கதவில் மரீலேனா எழுதி ஒட்டியிருக்கிறாள்:
ஹாரன் கூடாது. அந்தச் சொல் கூடாது.
நடக்கச் சொல்ல நாங்கள் நாக்கைச் சொடுக்குவோம்,
கஞ்சி சூடா என்று பார்ப்பவர்களைப் போல.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு கலோஜெரோ.
எட்டு வயது. பேசியதில்லை.
சேணத்தில் அவன் சரியாமல் இருக்க
இடது கணுக்காலைப் பிடிப்பது என் வேலை.
தொட்டால் அவனுக்கு ஆகாது.
முதல் மாதம் செருப்படியை மட்டும் அனுமதித்தான்.
பிறகு ஒரு விரல்.
ஈஸ்டர் கழிந்து இரண்டு.
பிடரியில் மூக்கைப் புதைத்து
நனைந்த சாக்கின் வாசனையை
அரைமணி நேரம் முகர்ந்துவிட்டு இறங்கிப் போவான்.

அன்று மழை விட்டிருந்தது.
பாதி வட்டத்தில் லென்தா நின்றாள், தானாக.
நாக்கைச் சொடுக்கினோம். அசையவில்லை.
மேலேயிருந்து, கரகரவென்று,
யாரோ பழைய தாழ்ப்பாளை நகர்த்தியதுபோல்:
வா.

மரீலேனாவின் கையில் கயிறு இறுகியது.
குதிரையின் காதுகள் பின்னால் படிந்தன.
விலாவில் ஒரு நடுக்கம் ஓடி
வயிற்றுக்கடியில் மறைந்தது.
எனக்கு அந்தச் சாலை தெரிந்தது,
முப்பது விளக்குகள் தெரிந்தன,
நடுவே தலைக்கவசத்தோடு ஒரு சின்னத் தலை.

அவள் கழுத்தைத் திருப்பி
யார் சொன்னது என்று பார்த்தாள்.
அவனையே பார்த்தாள்.
பிறகு ஒரு காலெடுத்து வைத்தாள்.
நின்றாள்.
இன்னொரு கால்.
போ என்று விரட்டியவர்களுக்கு
அவள் இப்படிப் போயிருக்க மாட்டாள்.
கூப்பிட்ட வீட்டுக்கு வருகிறவர்களின் நடை அது,
செருப்பை எங்கே விடுவதென்று தயங்கித் தயங்கி.

அம்மா பியெரா அப்போது
கார் நிறுத்துமிடத்தில் இன்சூரன்ஸ்காரனோடு
போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
ஓடிவந்து கேட்டாள்: என்ன சொன்னான், எந்தச் சொல்?
மரீலேனா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.
குதிரையைப் பார்த்தாள்.
பூட்ஸ் முனையால் ஈர மணலில் எழுதிக் காட்டினாள்.
அவர்களுக்கு அது இரண்டெழுத்து.
எனக்கு ஒன்று.
பியெரா குனிந்து படித்து முடிக்குமுன்
லென்தா அதன்மேல் நடந்து போய்விட்டாள்.

வழக்கு நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.
யாருடைய குதிரை என்று அதுவரை சட்டத்துக்குத் தெரியாது.
அவன் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.
ஐந்து செவ்வாய்கள் ஆகிவிட்டன.

அந்தப் பயத்தில் கணுக்காலை
முழுக் கையாலும் பற்றியிருந்தேன்
என்பதை வீட்டில் கை கழுவும்போதுதான் உணர்ந்தேன்.
உதறவில்லை அவன்.
மறுவாரம் பழையபடி இரண்டு விரல் வைத்தேன்.
குனிந்து பார்த்தான்,
மீதி எங்கே என்பதுபோல்.