குறிப்பு என்றொரு கட்டம்

மணித்தியாலத்துக்குப் பதினைந்து பிராங்.
பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும்,
சொந்தமாய் ஒரு மழை ஜாக்கெட்,
இருட்டில் நிற்கச் சம்மதம் என்று
வீட்டிலிருந்து ஒரு கையெழுத்து.
அம்மாதான் போட்டார்.
அப்பா உறங்கிக்கொண்டிருந்தார்;
பகலில் உறங்குவது அவர் வேலையில் பாதி.

நெற்றி விளக்கு தந்தார்கள்,
ஆரஞ்சு மேலாடை, இரண்டு வாளி,
ஐந்து கட்டம் போட்ட தாள்:
தேரை. தவளை. நீர்ப்பல்லி. செத்தது. குறிப்பு.

ஓபர்மூஸ் காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே
நானூறு மீட்டர் தார் ரோடு.
மார்ச் மழையில்
குளிர் கொஞ்சம் கையைத் தளர்த்தும் இரவுகளில்
காடு எழுந்து நடக்கத் தொடங்கும்,
கைப்பிடி கைப்பிடியாக,
மருக்களோடும் செம்புக் கண்களோடும்.
கையை நனைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும்.
காய்ந்த கை அவற்றைச் சுடும்.

வேறு குளம் காட்டினாலும் போகாதுகள் என்றான் செவெரின்,
மூன்றாம் வருடமாய் வருகிறவன்,
தொழிற்பயிற்சிக்கு எழுதி எழுதி
ஒன்பது இடத்தில் மறுக்கப்பட்டவன்.
"இதை அனுபவம் என்று போடலாமா?"
போடு என்றேன். வாளியோடு படம் எடுத்துப் போடு.

மாலை ஏழிலிருந்து காலை ஆறு வரை ரோடு மூடல்.
குளத்துப் பக்கத் தடுப்பில் அவன்,
காட்டுப் பக்கத்தில் நான்.
நாலு முப்பத்தைந்துக்கு ஒற்றை வெளிச்சம் ஒன்று வந்தது.
இடது முன்விளக்கு எரியாத கார்
இந்த மாநிலத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

கண்ணாடி இறங்கியது.
பின்சீட் நிறையப் பேப்பர் கட்டுகள், மை மணம்.
"பிள்ளை, தடியை எடு."
"மூடியிருக்கு அப்பா. சுத்திப் போங்கோ."
"பதினொரு கிலோமீட்டர்!
ஆறரைக்குள்ள பேப்பர் விழாட்டி
ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் காசு வெட்டுவாங்கள்."
அது எனக்குத் தெரியாது.

கோபப்படுகிறவருக்குப் புன்னகையும் துண்டறிக்கையும் கொடு
என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
கொடுத்தேன்.
அப்பா அதை முழுக்க வாசித்தார்,
ஜெர்மன் அவருக்கு மெதுவாகத்தான் வரும்.
"உனக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு தாறாங்கள்?"
"பதினைஞ்சு."
தன்னுடையதை அவர் சொல்லவில்லை.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

தடுப்பைத் தூக்கினேன்.
வேலையில் பதினோராம் நாள்.

முன்னால் நான், குனிந்தபடி;
பின்னால் கார், முதல் கியரில், என் நிழலை மிதித்துக்கொண்டு.
ஒன்று. இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று.
"அது என்ன, முதுகில பிள்ளையோ?"
"இல்லையப்பா. புருஷன்."
சிரித்ததில் கிளட்சை விட்டார்,
கார் குலுங்கி நின்றது.
அந்த அமைதியில் வாளிக்குள் கிக், கிக் என்று சத்தம்.
ஆள் மாறிக் கட்டிப்பிடிபட்ட ஆண்தேரை
என்னை விடு என்கிறது என்று விளக்கினேன்.
அதற்கும் சிரித்தார்.
வீட்டில் நான் கேட்காத சிரிப்பு.

நானூறு மீட்டர், இருபத்தாறு நிமிடம்.
சுற்றிப் போயிருந்தால் பதினாலு
என்று கடைசியில்தான் கணக்கு வந்தது
இரண்டு பேருக்கும்.

செவெரின் தன் தடுப்பைத் திறந்துவிட்டு
வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
மழைநேரத்து வானத்தில் அப்படி என்ன இருந்ததோ.

பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்,
விளக்கைத் தாழ்த்தி.

தேரை, அறுபத்து மூன்று.
தவளை, எட்டு.
நீர்ப்பல்லி, நாலு.
செத்தது, ஒன்று.
ரோட்டின் இடது ஓரம்,
வெளிச்சம் படாத சக்கரத்தின் வழியில்.
குறிப்பில், வாகனம் ஒன்று என்று எழுதினேன்.
யாருடையது என்று எழுத இடமிருந்தது.
மழை அதில் விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை சமையலறை மேசையில்
சின்னதாய் ஒரு பல்புப் பெட்டி,
விலை ஒட்டியபடியே: பதினாலு தொண்ணூறு.
அந்த ஒன்றைப் பற்றி
நான் அவரிடம் சொல்லவேயில்லை.